புகழ் வந்தபின் எழுத்தாளரின் தலைக்கனம்: எங்கே ஏறுகிறது, எங்கே பிடிக்கலாம்

கேள்வி இது: ஓரளவு பெயர் வாங்கிவிட்ட எழுத்தாளருக்குத் தலைக்கனம் ஏறுவது தவிர்க்க முடியாததா? ஏறினால் எழுத்து கெடுமா? கெடும் என்றால் என்ன செய்வது?

சுருக்கமாகச் சொன்னால், புகழாசை எல்லோருக்கும் உண்டு, கனம் எல்லோருக்கும் ஏறுவதில்லை. ஏறுகிறவர்களுக்கும் குணம் கெடுவதற்கு முன்பே வேலைமுறை கெட்டிருக்கும். கையெழுத்துப் பிரதியை முதலில் யார் படிக்கிறார், யார் கைவைத்து வெட்டுகிறார், ஓர் அத்தியாயம் எத்தனை முறை திருத்தப்படுகிறது, வாரத்தில் எத்தனை நாள் மேசையில் கழிகிறது என்ற கணக்கெல்லாம் மாறிப்போன பிறகுதான் பேச்சிலும் நடையிலும் கனம் வெளியே தெரியும். அதனால் "பணிவாக இரு" என்று உபதேசம் செய்வதில் பெரிய பயன் கிடையாது. வேலைமுறையில் கைவைத்தால் கொஞ்சம் பலன் உண்டு.

எழுத வருகிற எவருக்கும் நாலு பேர் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கத்தான் செய்யும். ஜார்ஜ் ஆர்வெல் 1946இல், தான் எழுதுவது எதனால் என்று யோசித்து நான்கு காரணங்களை அடுக்கினார். முதலில் வைத்தது பச்சையான தன்முனைப்பை: கெட்டிக்காரன் என்று பெயரெடுக்க வேண்டும், செத்த பிறகும் பேசப்பட வேண்டும், சின்ன வயதில் மட்டம் தட்டிய பெரியவர்களுக்குப் பதில் கொடுக்க வேண்டும். அழகுணர்ச்சி, உண்மையைப் பதிந்துவைக்கும் ஆசை, அரசியல் நோக்கம் மூன்றும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அவர் சொல்வது புகழ் வருவதற்கு முன்பே உள்ளே இருக்கிற சரக்கைப் பற்றி. புகழ் வந்தால் அதற்குத் தீனி கூடுகிறது, அவ்வளவே.

இங்கே இரண்டு விஷயங்களைக் கலக்கக் கூடாது. பிறர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்ற கவலை ஒன்று. தன் கைத்திறன் மேல் வைத்திருக்கும் மதிப்பு இன்னொன்று. இந்த இரண்டாவதைத் தொழில் கர்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள், முதலாவதைப் பெயர்க் கவலை என்று. முதலாவதற்குத் தினமும் யாராவது ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது பூட்டிய அறைக்குள் ஆளில்லாமல் உயிரோடு இருக்கும். மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படி, வந்திருக்கிறது, வெளியீட்டுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, 140ஆம் பக்கத்தில் ஒரு பத்தி தொய்ந்து கிடப்பது எழுதியவருக்கே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழில் கர்வம் உள்ளவர் தேதியைத் தள்ளிப் போடச் சொல்வார். பெயர்க் கவலை மட்டும் உள்ளவர், பின்னட்டையில் தன் படம் தெளிவாக வந்திருக்கிறதா என்று கேட்பார். புகழின் கெடுதல் என்னவென்றால், பெயர்க் கவலைக்காரரை அது வளர்த்துவிடும். தொழில் கர்வக்காரர் இருந்த இடத்தில் அவர் உட்கார்ந்துகொள்வார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே கர்வமாகத்தான் தெரியும்.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது தெரியும். என்னதான் அரிய நூல் செய்து பல துறைகளையும் முடித்துக் காட்டினாலும் தன்னைத்தான் புகழ்வது தகுதியன்று என்கிறது நன்னூல். சொன்ன கையோடு அடுத்த சூத்திரத்தில் நான்கு விலக்கும் தருகிறது: அரசனுக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழித்தபோது. இந்த நான்கு இடத்திலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும். எட்டயபுரம் அரசருக்குப் பாரதி செய்யுளாக எழுதிய கடிதமான சீட்டுக்கவியில், கவியரசர் தமிழ்நாட்டுக்கு இல்லை என்ற வசை தன்னால் கழிந்தது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறாரே, அது முதல் விலக்கில் கச்சிதமாக அடங்கும். வறுமையில் இருந்துகொண்டு அரசனிடம் கேட்கிறவன் குனியாமல் கேட்பதற்கு அந்தக் கர்வம் தேவைப்பட்டது. நான்கையும் சேர்த்துப் பாருங்கள், எல்லாமே புலவனுக்குக் கை தாழ்ந்திருக்கும் சந்தர்ப்பங்கள். கூட்டம் ஏற்கனவே கைதட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு விலக்கே கொடுக்கப்படவில்லை.

அதே நூல், ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது நூலையும் ஆசிரியரையும் சிறப்பித்துச் சொல்லும் முன்னுரை, சொல்லத் தகுந்தவர்கள் என்று ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரைகாரர் என நால்வரைக் குறிக்கிறது. இந்த நால்வருமே நூலையோ நூலாசிரியரையோ கிட்டத்தில் இருந்து அறிந்தவர்கள். இன்றைய பின்னட்டை வாசகங்கள் எத்தனை பேரால், எத்தனை பக்கம் படித்துவிட்டு எழுதப்படுகின்றன என்பதை இதோடு ஒப்பிட வேண்டாம், பதிப்பாளர்களுக்கு மனக்கஷ்டம்.

சரி, புகழ் வந்ததும் நடைமுறையில் எது முதலில் கழன்று விழுகிறது? பதிப்பாசிரியரின் பென்சில்.

முதல் புத்தகத்தில் பத்துப் பக்கத்துக்குப் பன்னிரண்டு கேள்வி வந்திருக்கும். "இந்த மாமா யார், முன்னால் வரவில்லையே", "இதை இருபது பக்கத்துக்கு முன்பே சொல்லிவிட்டீர்கள்", "இந்தப் பத்தி இல்லாவிட்டால் என்ன குறையும்?" நான்காவது புத்தகத்தில் அதே பத்துப் பக்கத்துக்கு இரண்டு கேள்வி வருகிறது, அதிலும் ஒன்று ஒற்றெழுத்து. எழுத்து அவ்வளவு தேறிவிட்டது என்று எழுத்தாளர் நினைத்துக்கொள்வார். பெரும்பாலும் காரணம் வேறு. இவர் கோபித்துக்கொண்டு வேறு பதிப்பகத்துக்குப் போய்விடுவாரோ என்ற பயம் பதிப்பாளருக்கு. பிரதியைக் கையில் எடுக்கும் இளம் பதிப்பாசிரியர் இவரைப் படித்தே வளர்ந்தவர், கை நடுங்கும். இதைவிட முக்கியமான காரணம் வியாபாரம்: அறுபது பக்கத்தை வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் இந்தப் பெயருக்கு அதே எண்ணிக்கைதான் விற்கும். அப்படியிருக்க யார் சண்டை போடுவார்? பெயர் பெற்றவர்களின் புத்தகங்கள் வரவர தடித்துக்கொண்டே போவதற்கு, சொல்ல வந்தது கூடிவிட்டது என்பதைவிட, வெட்டுகிற ஆள் இல்லாமல் போனது பெரிய காரணம்.

இதற்கு மனப்பயிற்சி எதுவும் வேண்டாம், ஏற்பாடு போதும். ஒப்பந்தம் போடும்போதே சொல்லிவிடலாம்: பிரதி கொடுத்ததும் பதிப்பாசிரியர் பத்தில் ஒரு பங்கை வெட்டுவதற்கான பட்டியல் தரவேண்டும். 40,000 சொல் என்றால் 4,000 சொல்லுக்கு, பக்கமும் வரியும் குறித்து. அவருக்கு வெட்ட மனசில்லாவிட்டாலும் பட்டியல் வந்தாக வேண்டும். இந்தக் கட்டாயம்தான் பயந்த கைக்குத் தைரியம் கொடுக்கும், "நானாகச் சொல்லவில்லை, நீங்கள் கேட்டீர்கள்" என்று ஒதுங்கிக்கொள்ள அவருக்கு வழி இருக்கிறது. எழுத்தாளர் ஒவ்வொன்றையும் ஏற்கலாம், அல்லது ஒரு வரியில் காரணம் எழுதி மறுக்கலாம். வாயால் மறுக்கக் கூடாது. வாயால் மறுத்தால் பெயர்தான் பேசும். இந்த ஏற்பாடும் ஓரிடத்தில் வழுக்கும்: எழுத்தாளர் ஒரு பத்தியைக் காப்பாற்ற ஒன்றரைப் பக்கம் வாதம் எழுதி அனுப்புவார். பத்தியைவிட அதற்கான வாதம் நீளமாக இருந்தால் பத்தி போகட்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து முதல் வாசகர்கள். புத்தகம் அச்சுக்குப் போகுமுன் பிரதியைப் படிக்கும் மூன்று நான்கு பேரைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் இவர்கள் நண்பர்கள், கூட எழுதியவர்கள், கேலி செய்யக்கூடியவர்கள். பெயர் வந்தபின் அந்த இடத்தில் ரசிகர்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள், யாரும் கூப்பிடாமலே. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக ஒதுங்குவார்கள். சிலருக்குப் பொறாமை, சிலருக்கு "இனி நாம் சொல்லி என்ன" என்ற அலுப்பு. ரசிகர் கெட்டவர் கிடையாது. ஆனால் தனக்குப் பிடித்த பழைய புத்தகத்தையே இதிலும் தேடிப் படிப்பார், கண்டுபிடித்ததும் மகிழ்ந்துபோவார். அந்த மகிழ்ச்சியை எழுத்தாளர் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு.

பெயர் இல்லாமல் படிக்கவைப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பிரதியிலிருந்து முப்பது பக்கம், நடுவிலிருந்து, தலைப்பும் பெயரும் இல்லாமல், வேறொருவர் மூலமாக உங்களை அறியாத இருவரிடம் போகட்டும். நன்றாக இருக்கிறதா என்று கேட்கவே கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு மரியாதையான பதில்தான் வரும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எங்கே ஒரு பத்தியைத் தாண்டிக் குதித்தீர்கள், எந்த இடத்தில் திரும்பிப் போய்ப் படித்தீர்கள் என்ற மூன்றையும் கேட்டால் போதும். பக்க எண் முகஸ்துதி செய்யாது. இரண்டு பேருமே ஒரே இடத்தில் குதித்திருந்தால் அந்த இடத்தில் மறுபடி உட்கார வேண்டியதுதான். நடை தனித்துவமானது என்றால் நாலு வரியில் ஆள் தெரிந்துவிடுமே என்பீர்கள். உண்மைதான், அப்படிப்பட்டவர்களுக்கு இது பாதிப் பலன்தான் தரும்.

பெயரின் எடை எவ்வளவு என்பதை இதைவிடப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. ஆங்கில நாவலாசிரியர் டோரிஸ் லெஸ்ஸிங் 1980களின் தொடக்கத்தில் ஜேன் சோமர்ஸ் என்ற பெயரில் இரண்டு நாவல்கள் எழுதினார்; அவருடைய வழக்கமான லண்டன் பதிப்பகமே முதல் நாவலை வேண்டாம் என்று திருப்பிவிட்டது. பிரெஞ்சு நாவலாசிரியர் ரோமன் கேரி 1956இல் பிரான்ஸின் கோன்கூர் இலக்கியப் பரிசைப் பெற்றவர். ஒருவருக்கு ஒரு முறைதான் தருவார்கள். 1975இல் எமில் அழார் என்ற புதியவருக்கு அதே பரிசு கிடைத்தது. அதுவும் கேரிதான் என்பது அவர் இறந்தபின் தெரியவந்தது. முப்பது வருஷமாக முதுகில் ஒட்டிவைத்திருந்த "ரோமன் கேரி" என்ற பிம்பம் அலுத்துப்போனது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். இன்னொரு பக்கம், 2013இல் ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் வந்த துப்பறியும் நாவல் நல்ல மதிப்புரைகளோடு 1,500 பிரதி அளவில்தான் விற்றிருந்தது. எழுதியவர் ஜே. கே. ரோலிங் என்று தெரிந்ததும் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போய்விட்டது. உள்ளே ஒரு எழுத்துகூட மாறவில்லை. பெயருக்குக் கிடைப்பது எது, எழுத்துக்குக் கிடைப்பது எது என்று பிரித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்த மூன்றும் போதும்.

புனைபெயரில் எழுதிப் பார்க்கச் சொல்கிறேனா? எல்லோருக்கும் இல்லை. புத்தகத்துக்கு எட்டுப் பேர்தான் மதிப்புரை எழுதுவார்கள் என்ற நிலையில் இருப்பவர் ஒரு சிறுகதையை வேறு பெயரில் அனுப்பிப் பார்க்கலாம், அது ஒரு நல்ல பரிசோதனை. திரும்பி வந்தால் வெளியே சொல்லாமல் இருக்க வேண்டும். வெளியானாலும் சொல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

எழுத்துக்குள்ளேயே புகழ் செய்கிற வேலைக்கு வருகிறேன். இது யாரும் கவனிக்காமல் நடக்கிறது.

வாசகர்கள் மேற்கோள் காட்டும் வரிகள் எழுத்தாளர் காதுக்கு வந்துகொண்டே இருக்கும். படமாகப் போட்டுப் பகிர்கிறார்கள், மேடையில் அறிமுகம் செய்பவர் அதையே சொல்கிறார். அடுத்த புத்தகம் எழுதும்போது கை தானாக அப்படிப்பட்ட வரியைத் தேடும். உதாரணத்துக்கு ஒன்றை உருவாக்கிக் காட்டுகிறேன். மருத்துவமனையில் ஒரு கிழவி காத்திருக்கிறாள்:

"ரசீதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் எழுந்து போனதும் அந்த இடத்தில் பையை வைத்தாள். எண்ணைக் கூப்பிடுகிறவன் ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் ரசீதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தாள்."

பெயர் வந்தபின் அதே கை இதோடு நிறுத்தாது. "காத்திருப்பு என்பது ஏழைகளின் வழிபாடு" என்று ஒரு வரியைக் கடைசியில் வைக்கும். வரி மோசமில்லை, பகிர்வதற்கு உகந்தது. ஆனால் என்ன நடந்தது பாருங்கள். மூன்று வாக்கியமாகக் கிழவியின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்த வாசகர் நான்காவதில் தலையைத் தூக்கி எழுத்தாளரைப் பார்க்கிறார். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுமா, எண் தாண்டிப் போய்விட்டதா என்ற சந்தேகம் எல்லாம் அறுந்துபோகிறது. அதோடு, ஏழைகள் எல்லோரையும் சேர்த்துப் பேசியதால் இந்த ஒருத்தி காணாமல் போய்விட்டாள். ஓர் அத்தியாயத்தில் இப்படி ஒன்று இருந்தால் தாங்கும். ஒவ்வொரு பத்தியும் இப்படி முடிந்தால் அவர் தன்னையே நகலெடுக்கிறார் என்று பொருள்.

பிடிப்பது சுலபம். பிரதியை எடுத்துக்கொண்டு, தனியே வெட்டி ஒட்டினாலும் அர்த்தம் தரும் வாக்கியங்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். "என்பது" என்று நடுவில் வரும் வாக்கியங்களில் பாதி இதில் சிக்கும். பத்தியின் கடைசியில் இருப்பதை விரலால் மறைத்துப் படியுங்கள். பத்தி நின்றால் வரி தேவையில்லை. பத்தி விழுந்தால் அந்தப் பத்தியே அந்த வரிக்காக எழுதப்பட்டது, முழுதாக மறுபடி எழுத வேண்டும். இந்த இரண்டாவது வகைதான் வலிக்கும்.

மேடையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, கணக்குப் போட்டாலே தெரியும். ஒரு மணி நேர உரைக்குத் தயாரிப்பு, போக்குவரத்து, திரும்பி வந்து பழைய அத்தியாயத்தின் குரல் காதில் விழும்வரை ஆகும் நேரம் எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று வேலை நாள் போகும். வருஷத்துக்கு முப்பது கூட்டம் என்றால் இரண்டு மாதத்துக்கு மேல் காலி. அணிந்துரை, நடுவர் குழு, பேட்டி எல்லாம் தனி. நாள் போவதைவிடக் கெடுதலானது ஒன்று உண்டு. மேடையில் திரும்பத் திரும்ப ஒரே கேள்விக்குச் சொல்லும் பதில் மெருகேறி மெருகேறிக் கொள்கையாகிவிடும். பிறகு அந்தக் கொள்கைக்கு முரணாக எழுதவே கை வராது. தன் பதிலுக்குத் தானே அடிமை.

பரிசுகள் இதை உச்சத்துக்குக் கொண்டுபோகும். பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்ர் 1964இல் நோபல் பரிசை மறுத்தபோது, எழுத்தாளர் தன்னை ஒரு நிறுவனமாக மாற்ற இடம்கொடுக்கக் கூடாது என்று காரணம் சொன்னார். அதிலும் ஒரு கர்வம் இருக்கிறது என்று சொல்வோர் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அவர் சொன்ன ஆபத்து பொய்யில்லை. 1969இல் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டுக்கு அதே பரிசு என்ற செய்தி வந்ததும் அவர் மனைவி சொன்ன வார்த்தை "பேரழிவு". பெக்கெட் தன் பதிப்பாளரை அனுப்பிப் பரிசை வாங்கிக்கொண்டார். போலந்துக் கவிஞர் ஷிம்போர்ஸ்கா 1996இல் பரிசு பெற்றதை அவருடைய நண்பர்கள் அது வழங்கப்படும் நகரத்தின் பெயரால் "ஸ்டாக்ஹோம் துயரம்" என்றே அழைத்தார்கள். அடுத்த கவிதைத் தொகுப்பு வர 2002 ஆகிவிட்டது. லெஸ்ஸிங் 2007இல் பெற்றுவிட்டு, பேட்டி கொடுப்பதும் படமெடுக்க நிற்பதுமே வேலையாகிவிட்டது, எழுத முடியவில்லை என்று அடுத்த வருஷமே புலம்பினார். இவர்கள் எல்லோரும் வயதும் வேலையும் முதிர்ந்தவர்கள். முப்பது வயதில் பெரிய விருது வாங்குகிறவரின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

இளமையில் உச்சம் தொட்டால் கர்வம் இன்னொரு வேஷத்தில் வரும்: எழுதாமல் இருப்பது. அமெரிக்க எழுத்தாளர் ரால்ஃப் எலிசனின் முதல் நாவல் 1952இல் வந்து அடுத்த வருஷமே அந்நாட்டின் தேசியப் புத்தக விருது பெற்றது. 1994இல் இறக்கும்வரை இரண்டாவது நாவலை அவர் முடிக்கவில்லை. எழுதாமல் இல்லை, ஆயிரக்கணக்கான பக்கங்கள் சேர்ந்திருந்தன. 1967இல் ஒரு தீவிபத்தில் கொஞ்சம் பிரதி எரிந்ததும் உண்மை. எல்லாவற்றையும் கர்வத்தின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. ஆனாலும் முதல் புத்தகத்துக்குக் கீழே ஒன்றைக் கொடுக்க மனம் ஒப்பாத நிலை எழுத்தாளர்களுக்குப் பழக்கமானதுதான். இதில் விசித்திரம் என்னவென்றால், தொழில் கர்வம்தான் இங்கே எதிரி. அதுவரை காப்பாற்றிக்கொண்டிருந்த அதே குணம். இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவக்கூடியது, வேண்டுமென்றே அளவு குறைந்த ஒன்றை எழுதி வெளியிடுவது: ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு பயணக் குறிப்பு, எண்பது பக்கக் குறுநாவல். இரண்டாவது புத்தகம் என்ற இடத்தை எதையாவது கொண்டு நிரப்பிவிட்டால் மூன்றாவது எழுதலாம்.

விமர்சனம் விஷயத்தில் பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக நடக்கிறது. பெயர் வந்தால் தோல் தடிக்கும் என்பார்கள். மெலிகிறது. பாராட்டு நேற்று கிடைத்த அளவு இன்றைக்குச் சாதாரணமாகிவிடும். முதல் கதைக்கு வந்த மூன்று கடிதம் ஒரு மாதம் தாங்கியது. இப்போது முந்நூறு வந்தாலும் போன தடவை நானூறு வந்ததே என்று தோன்றும். அதோடு, ஆரம்பத்தில் விமர்சகர் கதையைத்தான் குறை சொன்னார், இப்போது அதே வாக்கியம் பெயரின் மேல் விழுகிறது. பெயர் ஒரு சொத்தாகிவிட்டது, சொத்துக்குச் சேதம் என்றால் தூக்கம் வராதுதானே. உலகப்புகழைவிடச் சிறுவட்டப் புகழ் இதில் மோசம். ஐந்நூறு பேர் உள்ள வட்டத்தில் பாராட்டு கைமாற்றாக ஓடும். குறை சொன்னவர் யார் என்று முகம் தெரியும், பழைய பகையும் நினைவுக்கு வரும்.

மதிப்புரைகளை அணுக ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். புத்தகம் வந்த முதல் மூன்று மாதம் எதையும் படிக்க வேண்டாம், வேறொருவர் சேர்த்து வைக்கட்டும். அதற்குள் அடுத்த வேலை தொடங்கியிருக்கும், சூடும் ஆறியிருக்கும். பிறகு ஒரே உட்காரலில், பகல் வெளிச்சத்தில், கையில் உங்கள் புத்தகமும் பென்சிலுமாகப் படியுங்கள். ஒவ்வொரு குறையையும் அது எந்தப் பக்கத்தைப் பற்றியதோ அந்தப் பக்க ஓரத்தில் குறியுங்கள். பக்கம் சொல்லமுடியாத குறையும் பக்கம் சொல்லமுடியாத பாராட்டும் ஒரே குப்பைக்குப் போகட்டும். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கியிருந்தால் தப்பு எழுத்தில்தான். அவர்கள் சொல்லும் பரிகாரம் தவறாக இருக்கலாம், இடம் சரியாகவே இருக்கும். ஒருவர் மட்டும் சொன்னது அவர் ரசனை. பதில் எழுதவே கூடாது. புத்தகத்தில் இல்லாத வாக்கியத்தை மேற்கோள் காட்டிவிட்டார், ஆண்டைத் தவறாகச் சொல்லிவிட்டார் என்பதுபோன்ற தகவல் பிழைக்கு மட்டும் இரண்டு வரி போதும். வர்ஜீனியா வுல்ஃப் 1939இல் ஒரு யோசனை சொன்னார்: விமர்சகர் மருத்துவரைப்போல ஓர் அறையில் உட்கார்ந்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, எழுத்தாளரிடம் தனியாகப் பேசலாமே என்று. பார்வையாளர் இல்லாததால் இருவருக்குமே காட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்காது. யாரும் அமைப்பாகச் செய்யவில்லை. ஆனால் காசு கொடுத்துக் கண்டிப்பான ஒருவரைப் படிக்கச் சொல்வதை இன்றும் தாராளமாகச் செய்யலாம்.

பணிவைப் பற்றியும் கொஞ்சம். "நான் வெறும் கருவி", "எனக்கு எழுதவே தெரியாது, வாசகர்கள்தான் தூக்கி வைத்திருக்கிறார்கள்" என்று பேசுகிறவரைக் கண்டு மயங்க வேண்டாம். இல்லை இல்லை என்று மறுத்துச் சொல்ல நாலு பேரை அது கட்டாயப்படுத்துகிறது, பாராட்டை இரண்டு தவணையாக வாங்கும் வழி. கம்பர் பாற்கடலை நக்கப் புகுந்த பூனை என்று தன்னைச் சொல்லிக்கொண்டது நூலின் வாசலில். அவையடக்கம் அந்த இடத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு விருத்தத்துக்கு விருத்தம் பூனையின் அடையாளமே கிடையாது. பணிவுக்கு ஓர் இடம், வேலைக்கு மற்ற எல்லா இடமும் என்ற அந்தப் பங்கீடு எனக்குப் பிடித்திருக்கிறது. பேட்டிக்குப் பேட்டி பூனை வேஷம் போடுகிறவர் வேலையில் எத்தனை தடவை திருத்துகிறார் என்று பாருங்கள்.

புகழ் இறங்கும் காலம் தனிக் கதை. பதினைந்து இருபது வருஷத்தில் எவருக்கும் ஓரளவு இறங்கும், புதியவர்கள் வருவார்கள், பழைய புத்தகங்களின் மறுபதிப்பு தள்ளிப்போகும். அப்போது பட்டியல்களில் தன் பெயர் விட்டுப்போனதற்குக் காரணம் கேட்டு எழுதுவது, இளையவர்களை ஒரேயடியாக ஒதுக்கிப் பேசுவது, "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பிப்பது எல்லாம் வரிசையாக வரும். இதற்கு முன்னமே ஆயத்தம் செய்துகொண்டவர்கள் தப்பித்தார்கள்: வருமானம் முழுவதையும் பெயரின்மேல் கட்டாதவர்கள், புதிய எழுத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள், வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் உட்கார்ந்து எழுதுபவர்கள். கூட்டம் குறைந்ததால் கிடைத்த அந்த இரண்டு மாதத்தை நல்ல புத்தகமாக்கியவர்களும் உண்டு.

கடைசியாக, கேட்டவர் எழுத்தாளராக இல்லாமல் எழுத்தாளரின் நண்பராகவோ பதிப்பாசிரியராகவோ இருந்தால்: சொல்லவேண்டியதைப் புத்தகம் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள். வெளியீட்டு வாரத்தில் சொன்னால் பகை, அதற்குப் பிறகு சொல்லி எந்த வரியும் மாறப்போவதில்லை. மற்றவர் முன்னிலையில் வேண்டாம், வீட்டாரை வைத்துக்கொண்டும் வேண்டாம். "நீங்கள் மாறிவிட்டீர்கள்" என்று ஆரம்பித்தால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். பக்க எண்ணில் ஆரம்பியுங்கள்: 62இல் ஒரு முறை, 91இல் ஒரு முறை, 140இல் ஒரு முறை இதே வரி வேறு உடையில் வருகிறது, எதை வைத்துக்கொள்ளலாம்? மூன்று இடம் போதும், பத்தைக் கொண்டுபோனால் ஒன்றுகூட ஏறாது. உடனே பதில் எதிர்பார்க்காமல் பிரதியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு 91ஐ மட்டும் விட்டுக்கொடுப்பதாகச் சொன்னால், அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு மீதி இரண்டைப் பற்றிப் பேச்சைத் தொடரலாம்.